ரொங்கோரொங்கோ குறிகளை மொழியும் நிலவுக் கணக்கும் கொண்டு ஆராய்வது எப்படி

ராப்பா நூயி என்கிற ஈஸ்டர் தீவின் மரப்பலகைகளில் ரொங்கோரொங்கோ குறிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வரியைக்கூட இன்றுவரை யாரும் ஒலியோடு படித்து நிறுவியதில்லை. ஆனால் ஓர் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பற்றி ஆய்வாளர்களிடையே சண்டை இல்லை. மமாரி என்ற பலகையில், 6 முதல் 9 வரையிலான வரிகளில், நிலவின் இரவுகள் வரிசையாக எண்ணப்பட்டிருக்கின்றன. தாமஸ் பார்த்தெல் 1958இல் இதைச் சுட்டிக் காட்டினார். ஜாக் கீ 1990இல் அதை இரவு இரவாகப் பிரித்தார். நிலவு எத்தனை இரவில் தன் சுற்றை முடிக்கும் என்பதை ஆராய்பவர் தன் வசதிக்கு மாற்ற முடியாது. அதனால்தான் அந்தப் பகுதி பிடிபட்டது. மற்றப் பகுதிகளை அணுகவும் இப்படி வெளியிலிருந்து வரும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே உள்ள வேலைமுறை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

எஞ்சியிருக்கும் பலகைகளும் பிற பொருட்களும் ஏறக்குறைய 25. எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 15,000 குறிகள். ஒன்றுகூட இப்போது தீவில் இல்லை. ரோம், சாந்தியாகோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், லண்டன், வாஷிங்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. பார்த்தெல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொடுத்தார்: தஹுவா பலகை ஏ, மமாரி சி, சாந்தியாகோ கைத்தடி ஐ. பலகையின் எழுத்து, பக்கம், வரி எண் மூன்றும் சேர்ந்தால் முகவரி முழுமை. நிலவுக் கணக்கு இருப்பது சி பலகை, ஏ பக்கம், 6–9 வரிகள். உங்கள் குறிப்பில் ஒவ்வொரு குறிக்கும் இந்த முகவரி இருக்கட்டும். முகவரி இல்லாத குறியை மூன்று மாதம் கழித்து நீங்களே தேடிப் பிடிக்க முடியாது.

பார்த்தெலின் கோட்டுப்படங்களையும் எண் முறையையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோட்டுப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பிழைகள் உண்டு. பால் ஹோர்லி பின்னாளில் பல பலகைகளைப் புதிதாக வரைந்து திருத்தியிருக்கிறார். நீங்கள் ஆராயும் வரிக்கு நல்ல ஒளிப்படமும் தேவை, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் மிக நல்லது. குறிகள் மரத்தில் மெல்லிய பள்ளமாகச் செதுக்கப்பட்டவை. நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பள்ளமும் மரத்தின் ரேகையும் ஒன்றாகத் தெரியும்.

மொழிப்பக்கம் இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, தீவில் சேகரிக்கப்பட்ட இரவுப் பெயர்ப் பட்டியல்கள். அமெரிக்கக் கடற்படையின் மோஹிகன் கப்பலில் 1886இல் வந்த வில்லியம் தாம்சன், 1934–35இல் வந்த ஆல்ஃபிரட் மெத்ரோ, தீவிலேயே வாழ்ந்த பாதிரியார் செபாஸ்டியன் எங்லர்ட் ஆகியோரின் பட்டியல்களை அருகருகே வையுங்கள். மூன்றும் அப்படியே ஒத்துப்போகாது. இன்னொன்று, ராப்பா நூயி மொழியின் அகராதி. அதோடு ஹவாய், மவோரி அகராதிகளும் இருந்தால் ஒப்பிட வசதி.

வாசிக்கும் திசை

பலகையைக் கையில் வைத்தால் கீழ் இடது மூலையில் தொடங்க வேண்டும். முதல் வரியை இடமிருந்து வலமாகப் பார்த்து முடித்ததும் பலகையை 180 பாகை திருப்புங்கள். இப்போது அடுத்த வரி நேராக நிற்கும். அதையும் இடமிருந்து வலமாகவே பார்க்கலாம். எல்லா வரிகளும் இப்படித்தான். படத்தில் வேலை செய்பவர்கள் வரி வரியாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, ஒரே கோப்பில் அடுக்கிவிடுவது நல்லது.

இங்கே நடக்கும் பிழைதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுக்கிறது. படத்தைத் திருப்பச் சொன்னால் சிலர் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிவிடுகிறார்கள். அப்போது பிறை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், பறவையின் அலகும் திரும்பிவிடும். நிலவுக் கணக்கில் பிறையின் முகமும் மீனின் தலையும் சான்றுகள் என்பதால் அந்தக் கோப்பு முழுவதும் வீண். திருப்பிய பிறகு ஏதாவது ஒரு மனித உருவத்தைப் பாருங்கள்: தலை மேலே இருக்க வேண்டும், கைகளின் இடவலம் அச்சிட்ட கோட்டுப்படத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

எண்ணாக மாற்றுதல்

பார்த்தெல் முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இலக்கம் வரை ஓர் எண். 1 முதல் 99 வரை வடிவங்கள், பொருட்கள். 200 தொடங்கி மனித உருவங்கள், 600களில் பறவைகள், 700களில் மீன் முதலியவை. 200 நேராக நிற்கும் மனிதர், 280 ஆமை, 600 கடற்பறவை, 700 மீன், 40, 41 பிறைகள், 67 பனை போன்ற மரம். ஒட்டிச் செதுக்கிய குறிகளுக்கு நடுவே புள்ளி, தனித்தனியாக நிற்பவற்றுக்கு நடுவே சிறு கோடு.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. நூறாம் இலக்கம் தலையையும், கடைசி இலக்கங்கள் கைகால் நிலையையும் காட்டுவதால் 206, 306, 406, 606 எல்லாவற்றிலும் ஒரே கை இருக்கிறது: எண் 6. கையைத் தனிக் குறியாக எண்ணாமல் நான்கு புதுக் குறிகளாக எண்ணினால் குறித்தொகுதி ஊதிப் போகும். பார்த்தெலின் பட்டியல் சில நூறுகளைத் தொட்டது இப்படித்தான். 2007இல் போஸ்ட்னியாகோவ் என்ற ஒரே பெயருடைய ஆய்வாளர் இருவரும் இணைகுறிகளை, அதாவது ஒட்டிச் செதுக்கிய குறிகளை, பிரித்து எண்ணிப் பார்த்து, 52 அடிப்படைக் குறிகளே மொத்த எழுத்தில் 99.7 விழுக்காட்டுக்குப் போதும் என்றார்கள்.

ஆகவே விரிதாளில் இரண்டு நிரல்கள் வையுங்கள். ஒன்றில் பார்த்தெல் எண் அப்படியே. இன்னொன்றில் பிரித்த வடிவம், அதாவது 606க்கு எதிரே 600, 6. எந்தக் கணக்கை எந்த நிரலில் செய்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். முடிவு பிடித்த மாதிரி வரும்வரை நிரலை மாற்றி மாற்றிப் பார்ப்பது இந்தத் துறையின் தொற்றுநோய்.

இணைவரிகளை அடுக்குதல்

எச், பி, கியூ என்ற மூன்று பலகைகளில், அதாவது பெரிய சாந்தியாகோ, பெரிய பீட்டர்ஸ்பர்க், சிறிய பீட்டர்ஸ்பர்க் பலகைகளில், பெரும்பாலும் ஒரே உரை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் லெனின்கிராடில் போரிஸ் குத்ரியாவ்த்செவ் என்ற இளைஞர் இதைக் கவனித்தார். அவர் இறந்த பின் 1949இல்தான் கட்டுரை வெளிவந்தது. மொழியே தெரியாமல் உறுதியாகச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

மூன்று உரைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒரே இடத்தில் ஒரு பலகையில் இணைகுறியும் மற்றொன்றில் இரு தனிக்குறிகளும் வந்தால், அந்த இணைகுறியை எங்கே வெட்டுவது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. ஒரே இடத்தில் இரு பலகைகளில் சற்று வேறுபட்ட வடிவங்கள் வந்தால், அவை ஒரே குறியின் இரு எழுதும் முறைகளாக இருக்கலாம். ஒரு முறை நடந்தால் போதாது. குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் அதே மாற்றம் வந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். செதுக்கியவர் கை தவறியிருக்கலாம், ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லை எழுதியிருக்கலாம். ஒரே இடத்துச் சான்றை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை.

மொழி என்ன அனுமதிக்கிறது

ராப்பா நூயி மொழியின் அசை அமைப்பு எளியது. மெய்கள் பத்து: ப, த, க, தொண்டை நிறுத்தம், ம, ந, ங, வ, ஹ, ர. உயிர்கள் ஐந்து. அசை உயிரில் முடியும், மெய்க்கூட்டம் கிடையாது. நெடிலைத் தனியாக எண்ணாவிட்டால் 10 × 5 + 5 = 55 அசைகள். 52க்கும் 55க்கும் உள்ள நெருக்கம் பலரை இது அசையெழுத்துதான் என்று முடிவுகட்ட வைக்கிறது. அந்த நெருக்கம் கவனத்துக்குரியது, ஆனால் இணைகுறிகளை வெட்டும் முறையைச் சற்று மாற்றினால் 52 என்பது 45 ஆகவோ 70 ஆகவோ நகரும். வெட்டும் விதியை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு எண்ணுங்கள்.

இதைவிடக் கூர்மையான சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது, ஆங்கில "the" போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் "தே" என்ற சொல். இந்த மொழியின் தொடர்ந்த பேச்சில் மிக அடிக்கடி வரும் சொல் அது. உரைநடை முழுதாக அசை அசையாக எழுதப்பட்டிருந்தால், எல்லாப் பலகைகளிலும் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறி இருந்தாக வேண்டும். பலகை வாரியாக முதல் பத்துக் குறிகளின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். கைத்தடியில் குறி 76 எங்கும் நிறைந்திருக்கிறது. மற்றப் பலகைகளில் அந்த ஆதிக்கம் கிடையாது. உரைகள் சுருக்கி எழுதப்பட்டவை, பெயர்களும் முக்கியச் சொற்களும் மட்டுமே செதுக்கப்பட்டன என்ற கருத்துக்கு இது சாதகம்.

இரண்டாவது, இரட்டித்தல். பொலினீசிய மொழிகளில் சொல்லை இரட்டிப்பது இயல்பு: ரொங்கோரொங்கோ என்ற பெயரே ஓர் உதாரணம். ஈரசைச் சொல் முழுதாக இரட்டித்தால் குறிகள் அஆஅஆ என்ற ஒழுங்கில் வரும். கொக்கோரே என்ற இரவுப் பெயர் போலப் பாதி இரட்டித்தால் அஅஆ. இந்த இரு ஒழுங்குகளும் உரையில் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணி, பழைய ராப்பா நூயி உரையில் வரும் அளவோடு ஒப்பிடலாம். ஒரே குறி மூன்று நான்கு முறை அடுத்தடுத்து வந்தால் அதை இரட்டித்தலாகக் கொள்ளாதீர்கள். அது பட்டியலாகவோ எண்ணிக்கையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

மொழிச் சான்றுக்கு எந்த உரையை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 1862–63இல் பெரு நாட்டு அடிமை வேட்டையிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் தீவின் மக்கள் அழிந்து, 1877இல் 111 பேரே மிஞ்சினார்கள். பலகை அறிந்தவர்கள் அதோடு போய்விட்டார்கள். மிஷனரிகளோடு தாஹித்தி மொழி உள்ளே வந்தது. 1886இல் ஊரே வாஏ இகோ என்ற முதியவர் தாம்சனுக்காகச் சொன்ன பாட்டுகளில் ஒன்றில் பிரெஞ்சுக் கொடியைக் குறிக்கும் தாஹித்திச் சொற்கள் இருக்கின்றன. அந்தப் பாட்டு பழைய பலகையில் இருந்திருக்க முடியாது.

நிலவுக் கணக்கு

முதலில் வானத்தின் எண்கள். அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53 நாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரையிலான காலம் நிலையானதல்ல. 14 நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும், 15½ நாள் வரையும் போகும். நிலவு பூமிக்கு அருகில் இருக்கும்போது வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் நகர்வதே முக்கியக் காரணம். தமிழ் வாசகர் இங்கே திதியை மறந்துவிட வேண்டும். திதி கோண அளவு, மாதத்துக்கு எப்போதும் 30. ராப்பா நூயியில் எண்ணப்பட்டவை கண்ணால் பார்த்த இரவுகள். ஒரு மாதம் 29, அடுத்தது 30 என்று மாறும்.

அடுத்து பெயர்கள். பட்டியல்களை ஒப்பிட்டால் கிடைக்கும் வரிசை இது:

அத்தா, அரி — 2
கொக்கோரே தஹி, ருவா, தோரு, ஹா, ரிமா, ஓனோ — 6
மஹாரு, ஹுவா, அத்துவா — 3
மவுரே, இனா-இரா, ரக்காவு — 3
மொத்தோஹி, பௌர்ணமி — 1
கொக்கோரே தஹி, ருவா, தோரு, ஹா, ரிமா — 5
தப்புமே, மத்துவா — 2
ரோங்கோ, ரோங்கோ-தானே — 2
மவுரி நூயி, மவுரி கேரோ — 2
முத்து, திரேயோ — 2

கூட்டினால் 28. தஹி, ருவா, தோரு என்பவை ஒன்று, இரண்டு, மூன்று. ஆகவே கொக்கோரே இரவுகள் வெறுமனே எண்ணிட்ட இரவுகள். இதற்கு வெளியே ஹோத்து, ஹிரோ என்ற இரண்டு பெயர்கள் மிஞ்சுகின்றன. இவை தேவைப்படும்போது சேர்க்கும் இரவுகள் என்பது ஜாக் கீயின் விளக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விளக்கத்தின் வலு தெரியும். எப்போதும் 28 இரவு எண்ணினால் மாதத்துக்கு ஒன்றரை இரவு பின்தங்கும். இரண்டே மாதத்தில் மூன்று இரவு பிசகி, மொத்தோஹி என்று பெயர் சொல்லும் இரவில் வானத்தில் முழுநிலவு இருக்காது. ஒரு மாதம் ஒன்றும் அடுத்த மாதம் இரண்டும் சேர்த்தால் சராசரி 29.5. பிழை மாதத்துக்கு 0.03 நாள், ஒரு முழு இரவு பிசக ஏறக்குறைய 33 மாதம் ஆகும். ஹோத்துவின் இடம் அத்துவாவுக்குப் பின், பௌர்ணமிக்கு முன். ஹிரோவின் இடம் அமாவாசை ஓரம். வளர்பிறைப் பாதி நீளும் மாதத்தில் ஹோத்துவால் அதைச் சரிசெய்யலாம்.

இப்போது மமாரியின் அந்த வரிகள். பலகை 29 செ.மீ. நீளம், 19.5 செ.மீ. அகலம், பூவரசு மரம், பக்கத்துக்கு 14 வரி. நிலவுப் பகுதியில் செய்ய வேண்டியவை:

முதலில் திரும்ப வரும் சட்டகத்தைக் கண்டுபிடியுங்கள். மாறாத ஒரு குறித்தொடர், சற்றேறக்குறைய அதே உருவில், எட்டு முறை வருகிறது. அதன் கடைசியில் கயிற்றில் தொங்கும் மீன். இந்த எட்டையும் வண்ணமிட்டுவிட்டால், இடையில் மிஞ்சுவது பிறைகளும் அவற்றோடு சேர்ந்த குறிகளும்தான்.

அடுத்து, முதலிலிருந்து மீனின் தலை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். முதல் நான்கில் மேலே, பின் நான்கில் கீழே. மாற்றம் நிகழும் இடத்தில் குறி 152 நிற்கிறது: பூமியடுப்புக்கு முன் அமர்ந்த உருவம். நிலவில் தெரியும் கறைகளை, வானத்தில் அடுப்பு மூட்டும் கிழவியாகச் சொல்வது தீவின் வழக்கு. ஆக நடுவில் பௌர்ணமி, ஒருபுறம் வளர்பிறை, மறுபுறம் தேய்பிறை.

பிறகு சட்டகங்களுக்கு இடையிலுள்ள இரவுக் குறிகளை எண்ணி, மேலே உள்ள பெயர்க் கொத்துகளோடு பொருத்துங்கள். பௌர்ணமிக்கு முன் ஆறும் பின் ஐந்துமாக வரும் வெறும் பிறைகள் கொக்கோரே இரவுகளின் எண்ணிக்கையோடு பொருந்துகின்றன. மீனின் தலை, 152இன் இடம், ஆறு–ஐந்து எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சான்றுகள். மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் இந்த அடையாளத்தை நம்புகிறோம்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பிறையின் முகம். ராப்பா நூயி தெற்கு அட்சரேகை 27 பாகையில் இருக்கிறது. அங்கே நிலவு வடக்கு வானில் உலாவும். வடக்கு நோக்கி நிற்பவருக்கு மேற்கு இடப்புறம். வளர்பிறையின் ஒளிரும் பக்கம் மேற்கு என்பதால் அது இடப்பக்கம் ஒளிரும். வட பாதியில் பழகிய கண் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். குறிகளின் பிறையை உண்மைப் பிறையோடு நேருக்கு நேர் பொருத்துவதே ஓர் அனுமானம்தான், அதை வேறு சான்று இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, தொடக்கப் புள்ளி. அமாவாசை ஓரத்தில் நிலவு தெரியாத இரவுகள் உண்டு. திரேயோ, ஹிரோ போன்ற பெயர்களைச் சில பட்டியல்கள் தலையிலும் சில வாலிலும் வைக்கின்றன. வரிசையை முதல் இரவிலிருந்து எண்ணாமல் பௌர்ணமியிலிருந்து இருபுறமும் எண்ணினால் இந்தக் குழப்பம் பாதிக்காது.

மூன்றாவது, பிற தீவுகளின் பட்டியல். ஒலி மாற்றம் ஒழுங்கானது: ராப்பா நூயியின் த ஹவாயில் க, ர அங்கே ல, ங அங்கே ந, க அங்கே தொண்டை நிறுத்தம். அதனால் ஹிரோ–ஹிலோ, மஹாரு–மோஹாலு, அத்துவா–அக்குவா, ஹோத்து–ஹோக்கு, ரோங்கோ–லோனோ, மவுரி–மவுலி, முத்து–முக்கு என்று அழகாக இணைகின்றன. பெயர்கள் பழமையானவை, 1886இல் யாரோ புனைந்தவை இல்லை என்பதற்கு இது உறுதியான சான்று. ஆனால் இடங்கள் நகர்ந்திருக்கின்றன. ஹவாயில் ஹுவா 13ஆம் இரவு, ராப்பா நூயியில் 10 அல்லது அதை ஒட்டி. ரக்காவு இங்கே பௌர்ணமிக்கு முன்; ஹவாயின் லாஅவு இரவுகள் பௌர்ணமிக்குப் பின். ஆகவே பெயரைச் சரிபார்க்க ஹவாயை எடுங்கள், இரவு எண்ணை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

மிகப் பெரிய தவறு இதற்குப் பின் வருவது. ஒரு பிறை கொக்கோரே இரவைக் குறிக்கிறது என்று தெரிந்ததும், அந்தக் குறிக்குக் "கொ" என்றோ "கொக்கோரே" என்றோ ஒலி கொடுத்து மற்றப் பலகைகளுக்கு ஓடுகிறார்கள். நாட்காட்டி என்று தெரிவது பயனைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் குறி படமாக நிற்கிறதா, சொல்லாக நிற்கிறதா, அசையாக நிற்கிறதா என்பதை நிலவு சொல்லாது.

வம்சாவளிச் சங்கிலி

எண்ணிக்கை கைகொடுக்கும் இன்னோர் இடம் சிறிய சாந்தியாகோ பலகையின் பின்பக்கம். சோவியத் ஆய்வாளர்கள் புட்டினோவும் க்னோரொசோவும் 1957இல் அங்கே ஒரு சங்கிலியைக் கண்டார்கள்: 200க்குப் பின் ஒரு குறி, பிறகு 76 ஒட்டிய வேறொரு குறி, அடுத்த 200க்குப் பின் அதே வேறொரு குறி, இம்முறை 76 இல்லாமல். "தலைவன் இன்னான், இன்னாரின் மகன், தலைவன் இன்னார், வேறொருவரின் மகன்" என்ற வடிவம். ஒவ்வொரு பெயரும் இருமுறை, குறிப்பிட்ட இடத்தில் வர வேண்டும் என்பதே இதன் கட்டுப்பாடு. 76 தந்தைப்பெயர் ஒட்டாக இருக்கலாம்.

சாந்தியாகோ கைத்தடியில் ஏறக்குறைய 2,320 குறிகளும் 103 செங்குத்துக் கோடுகளும் உள்ளன. ஸ்டீவன் ஃபிஷர் 1995இல், இது ஊரே வாஏ இகோ பாடிய படைப்புப் பாட்டைப் போன்றது, "இன்னது இன்னதோடு கூடியது, இன்னது பிறந்தது" என்ற மும்மைகள் என்றார். அவர் கணக்கில் 606.76, 700, 8 என்பது பறவைகள் மீனோடு கூட, சூரியன் பிறந்தது. இதை நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே குறிகளை எண்ணுங்கள். மும்மூன்றாகப் பிரிபவை எத்தனை, பிரியாதவை எத்தனை என்று இரண்டையும் எழுதுங்கள். 76 முதல் இடத்தில் மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரே 76க்குக் கைத்தடியில் ஒரு பொருளும் சிறிய சாந்தியாகோ பலகையில் வேறு பொருளும் கொடுக்க நேர்ந்தால், இரண்டில் ஒன்றையாவது கைவிட வேண்டியிருக்கும். எங்கள் மதிப்பீட்டில் சங்கிலிச் சான்று மும்மைச் சான்றைவிட வலியது. மும்மையில் எந்தக் குறியும் அடுத்து வருவதைக் கட்டுப்படுத்துவதில்லை, எதை வைத்தாலும் ஏதோ ஒரு பிறப்பு கிடைத்துவிடும்.

தற்செயலா என்று சோதித்தல்

புதிதாக ஓர் எண் ஒழுங்கைக் கண்டால், அதே பலகையின் குறிகளைக் குலுக்கிப் போட்டு 1,000 செயற்கை உரைகளை உருவாக்குங்கள். அவற்றில் எத்தனையில் அதே ஒழுங்கு கிடைக்கிறது என்று பாருங்கள். தனித்தனிக் குறிகளாகக் குலுக்கினால் உண்மை உரையின் இயல்பான மறுவரவுகள் எல்லாம் அழிந்து, எந்தக் கண்டுபிடிப்பும் அபூர்வமாகத் தெரியும். ஐந்து முதல் பத்துக் குறிகள் கொண்ட துண்டுகளாகக் குலுக்குங்கள். 28, 29, 30 ஆகிய மூன்றில் எது வந்தாலும் நிலவு என்று ஏற்கப் போகிறீர்கள் என்றால், குலுக்கிய உரைகளிலும் அந்த மூன்றையும் ஏற்றே எண்ண வேண்டும். 12, 13ஐ மாதங்களாகவும் சேர்க்க ஆரம்பித்தால் பெரும்பாலும் எல்லாப் பலகையும் நாட்காட்டியாகிவிடும்.

ஒதுக்க வேண்டியவை

1870களில் தாஹித்தியில் ஆயர் ஜோசானுக்காக மெட்டோரோ என்பவர் நான்கு பலகைகளைப் "பாடினார்". அவர் பெரும்பாலும் கண்ணில் பட்ட உருவங்களைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மமாரியையும் பாடினார், பௌர்ணமிக் குறி அவருக்குத் தெரியவில்லை. அவர் சொற்களைக் குறிகளின் பெயராகப் பயன்படுத்தலாம், வாசிப்பாகக் கொள்ள முடியாது.

சிந்துவெளி ஒப்புமை தமிழில் அடிக்கடி சுற்றிவருகிறது. 1932இல் ஹெவேசி என்பவர் இரு எழுத்துகளையும் அருகருகே அடுக்கிக் காட்டினார். அந்தப் படங்களில் ஒற்றுமைக்காக மாற்றம் செய்யப்பட்டிருந்ததை மெத்ரோ எடுத்துக்காட்டினார். இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. எளிய கோட்டுருவங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் எந்த இரு தொகுதிகளிலும் சில ஒத்துப்போகும்.

காலக்கணிப்பையும் அளவோடு எடுங்கள். 2024இல் ரோமிலுள்ள நான்கு பலகைகளின் கரிமக் கணிப்பு வெளிவந்தது. டி பலகையின் மரம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்றும், மற்றவை 19ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்றும் தெரிந்தது. அந்தக் கணிப்பு மரம் வெட்டப்பட்ட காலத்தைச் சொல்கிறது, செதுக்கிய காலத்தை அல்ல. கரையொதுங்கிய பழைய மரத்திலும் செதுக்கியிருக்கலாம். தஹுவா பலகையோ வெளிநாட்டுக் கப்பலின் சாம்பல்மரத் துடுப்பில் செதுக்கப்பட்டது. மேலையர் வருகைக்குப் பிறகும் செதுக்கும் வழக்கம் இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று.

முடிவுகளைப் பதியும்போது ஒவ்வொரு குறிக்கும் நான்கு கட்டங்கள் வையுங்கள்: முகவரி, வெட்டிய முறை, அந்த இடத்தில் அதன் பயன், ஒலி. மமாரியின் நிலவு வரிகளுக்கு முதல் மூன்றும் நிரம்பும். நான்காவதில், இணைவரியிலோ வேறு பலகையிலோ அதே ஒலி பொருள்தரும் சொல்லாக இன்னொரு முறை அமைந்தால் மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.